மூணாறு

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
சரக்கு ரயில் ஒன்று
பெட்டி பெட்டியாக யோசித்துக்கொண்டு போனது.
திறந்ததும் எங்கள் வண்டி உறுமியது,
நகரவில்லை.

கிளட்ச் பிளேட் என்றார் ஜபருல்லா,
வேட்டித் துணியில் கை துடைத்தபடி.
"தஞ்சாவூர்லேந்து சாயந்திரம் வரும்.
அதுவரைக்கும் மலை கிலைன்னு ஏறாதீங்க சார்.
சமதளத்துல எங்க வேணாலும் சுத்துங்க,
பாலத்து மேட்டுல மட்டும் கொஞ்சம் பாத்து."

பின்சீட்டில் இரண்டு ஸ்வெட்டர்,
விலைச்சீட்டு கிழிக்காமல்.
ஆஸ்பத்திரி இல்லை, கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை,
பதினாலு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்
சும்மா கிளம்பிய முதல் பயணம்
கொரடாச்சேரி தாண்டி இருபது நிமிடத்தில் முடிந்தது.

தையல்நாயகி ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லாதபோது
வளையலை முழங்கைவரை ஏற்றி ஏற்றி இறக்குவாள்.
நான் மூணாறு விடுதிக்குப் போன் போட்டேன்.
முன்பணம் திரும்ப வராதாம்.
"இங்க ஒரே மூட்டம் சார், எதுவுமே தெரியல"
என்றான் அந்தப் பையன், ஆறுதலுக்கு.

மன்னார்குடி சாலையில் ஒரு பலகை,
வெயிலில் பாதி எழுத்து உதிர்ந்து:
மூணாறு தலைப்பு.

அவள்தான் முதலில் சிரித்தாள்.
ஸ்டியரிங்கையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

வெண்ணாறு அங்கே பிரிந்து
கோரையாறாகவும் பாமணியாறாகவும்
மிச்சம் வெண்ணாறாகவும் போகிறது,
பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் போல
ஒன்றை ஒன்று திரும்பிப் பார்க்காமல்.
ஷட்டருக்கு அடியில் தண்ணீர் விழுந்தது.
இடுப்பு உயரம், அவ்வளவுதான்.
ஆனால் இரைந்தது, சாரல் அடித்தது,
அவள் மூக்குத்திக்குப் பக்கத்தில்
இன்னொரு மூக்குத்தி வைத்தது.
இந்த இரைச்சலில் எது கேட்கப்போகிறது என்ற தைரியத்தில்
ஆற்றைப் பார்த்துச் சொன்னேன்:
துரைக்கண்ணுவுக்கு ஜாமீன் போட்டிருக்கிறேன்,
உன் ரெட்டைவடம் அடகில் இருக்கிறது.

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
காருக்கு நடந்தாள்.

அப்புறம் கோரையாறு போன பக்கமே போனோம்.
பாதிச் சாலையில் குறுவை நெல் காய்ந்தது,
ஓரத்தில் கருங்கல் வரிசை.
மீதிப் பாதியில்
எதிரே வந்த டவுன் பஸ்ஸும் நாங்களும்
ஒருவரையொருவர் சம்பந்தி மாதிரி விசாரித்துக் கடந்தோம்.
ஒவ்வொரு பாலத்திலும் அவள் முதல் கியர் போட்டாள்.
இரண்டு பேரும் முன்னால் சாய்ந்துகொண்டோம்,
நாங்கள் சாய்ந்தால் வண்டி ஏறும் என்பதுபோல.
ஏறியது.

ஜாம்புவானோடையில் படகு.
அலையாத்திக் காட்டுக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது.
வேர்கள் சேற்றிலிருந்து விரல் நீட்டி
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.
காற்று ஈரமாக வந்ததும்
அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள்,
ஆயிரத்து நூறு ரூபாய் முதுகில் ஆட.
படகுக்காரர் மீராகனி கழியை ஊன்றிப் பிடுங்கினார்.
நுனியில் கறுப்பாய், வழவழவென்று சேறு.
"இது இந்த ஊரு மண்ணுன்னா நெனச்சீங்க?
மேக்கேருந்து மலை வருதுங்க.
கரைஞ்சு கரைஞ்சு, வந்துகிட்டே இருக்குது."

தையல்நாயகி ஒரு காலை இறக்கினாள்.
கணுக்கால்வரை போனது.
இன்னொரு காலையும் இறக்கினாள்.
"ஏறியாச்சு" என்றாள் என்னிடம்.
அதே குரலில், அதே மூச்சில்,
"ரெட்டைவடம் எந்த பேங்க்ல?"

இடுப்பு உயர அருவிக்கு
அவ்வளவுதான் சத்தம் போலிருக்கிறது.

பேங்க் பெயரைச் சொன்னேன்.
நாரை ஒன்று எழுந்து
கொஞ்ச தூரத்தில் அதே மாதிரி போய் நின்றது.

திரும்பும்போதும் அவள்தான் ஓட்டினாள்.
கிளட்ச் மேல் இருந்த பாதத்தில்
மலை காய்ந்து வெடித்து
சிறு சிறு பாளமாக உதிர்ந்துகொண்டு வந்தது.
நான் குனிந்து தட்டிவிடப் போனேன்.
"இருக்கட்டும்" என்றாள்.

நீடாமங்கலம் கேட் மறுபடி மூடியிருந்தது.
எஞ்சினை அணைத்தாள்.
கடலை விற்கிறவன் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனான்.

"எவ்வளவுக்கு?"

ரயில் வரட்டும் என்று
காத்துக்கொண்டிருந்தேன்.