படிவம் பதினான்கு

சாஸ்கடூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு காரும்
மூக்கிலிருந்து ஒரு மின்கம்பியைத் தொங்கவிட்டு
சுவரிடமிருந்து சூடு குடித்துக்கொண்டிருக்கிறது.
பதிவாளர் அலுவலகம், இரண்டாம் தளம், மூன்றாம் ஜன்னல்.
பத்தொன்பது வருடமாக இங்கே உட்கார்ந்து
பிறர் காரணங்களை வாசிக்கிறேன்.

பட்டம் வேண்டுமென்றால்
சொந்தத் துறைக்கு வெளியே மூன்று பாடம். விதி.
மாட்டேன் என்பவர்களுக்குப் படிவம் பதினான்கு.
காரணம் எழுத ஐந்து கோடு.
ஆறாவதை அவர்களே போட்டுக்கொள்கிறார்கள்.

கோல்பி வாசிலென்கோ, இயந்திரப் பொறியியல்:
"இரவில் பொட்டாஷ் சுரங்கத்தில் வேலை.
வானியல் வகுப்பு காலை எட்டரைக்கு.
நட்சத்திரங்கள் மேல் எனக்குக் கோபமில்லை.
தொள்ளாயிரம் டாலர் மேல்தான்."
சிரித்துவிட்டேன்.
பிறகு கால்குலேட்டரைத் தட்டினேன்:
பூமிக்கடியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்
நாற்பத்தொரு மணி நேரம்,
மேலே என்ன இருக்கிறதென்று தெரிந்துகொள்ள.
அங்கீகரி.

ஆனிக்கே ஃப்ரீசன், வயலின்.
மண்ணியலில் இரண்டு முறை தோற்றவள்.
"களிமண் எது, வண்டல் எது என்று
விரலால் தேய்த்துச் சொல்லச் சொல்கிறார்கள்.
இந்த விரல்களைக் காப்பீடு செய்திருக்கிறேன்."
நிராகரித்தேன்.
ஏனென்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.
பொறாமையாக இருக்கலாம்.
அவள் நின்று வாசிக்கும் பலகைக்குக் கீழே
என்ன இருக்கிறதென்று
யாராவது ஒருமுறை சொல்லட்டுமே என்றும் இருக்கலாம்.
மூன்றாம் முறை தேறினாள், ஐம்பத்திரண்டு.
நன்றி சொல்ல வரவில்லை.
வந்திருந்தால் எனக்குத்தான் சங்கடம்.

கூட்டம் கூடினால் பேராசிரியர் லோரன் டக் எழுந்திருப்பார்.
முழு மனிதர், விரிந்த பார்வை,
ஒற்றை ஜன்னல் வீட்டில் யார் வாழ்வது என்பார்.
எனக்கு இருப்பது ஒற்றை ஜன்னல்.
அதன் வழியாகத்தான் போன ஏப்ரலில்
தன் மகனுக்கென்று ஒரு படிவம் பதினான்கை
மடித்து நீட்டினார், குரலைத் தாழ்த்தி.

எனக்கும் ஒரு பாடம் பாக்கி.
கணக்கியல் முழுக்க முடித்தாயிற்று,
தத்துவ அறிமுகம் மட்டும்.
முதல் வாரமே கேட்டார்கள்: நாம் ஏன் இங்கிருக்கிறோம்?
எனக்கு ஆறாம் மாதம், படிகளிலெல்லாம் பனிக்கட்டி,
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நானும் அதையேதான் கேட்டேன்.
இரண்டாம் வாரம் போகவில்லை.
இப்படி ஒரு படிவம் இருக்கிறதென்று
அப்போது இந்த ஜன்னலில் இருந்தவர் சொல்லவில்லை.
பட்டமில்லை. கேள்வி மட்டும்
பாத்திரம் கழுவும்போது எப்போதாவது வரும்.

இன்று மதியம் ஜனெல் ஓபிகோக்கியூ,
செவிலியர் படிப்பு, இரண்டாம் ஆண்டு. சின்ன எழுத்து:
"வெளிப்பாடங்கள் பட்டியலில் ஏழாவது கிரீ மொழி.
என் அம்மா என்னைத் திட்டுகிற மொழி அது.
பாதிதான் புரியும். திட்டு மிச்சம்.
விலக்கு வேண்டாம், படிக்கிறேன்.
எதற்கு வெளியே என்று மட்டும் எழுதித் தாருங்கள்."

படிவத்தில் இரண்டே கட்டம்.
அங்கீகரி, நிராகரி.
முத்திரையைத் தூக்கினேன், மைத்தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

ஜன்னலுக்கு அப்பால் ஆறு கல்லாகக் கிடக்கிறது.
கோடையில் அதற்கென்று துறைகள் உண்டு,
இங்கே இறங்கலாம், அங்கே கூடாது என்று பலகைகள் உண்டு.
இப்போது ஒரு நரி
எந்தப் பலகையையும் பார்க்காமல்
குறுக்கே நடந்து போகிறது.
நடுவில் நின்று எதையோ முகர்கிறது.
அக்கரையில் அதற்கு என்ன வேலையோ.

ஐந்து கோடும் நிரம்பியிருந்தது.
ஆறாவதை நானே போட்டேன், அளவுகோல் வைத்து.
அதற்கு மேல் எழுத வரவில்லை.
நாலரைக்கு ஜன்னலை மூட வேண்டும்.
அடுத்தது யார் என்றேன்.
பூட்ஸில் பனியோடு ஒரு பையன் வந்து
பேனா இருக்கிறதா என்றான்.