லிஃப்ட் மெக்கானிக்கின் நாய்

வேப்பேரி ஆஸ்பத்திரியில்
எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார் டாக்டர்.
இடுப்புக் கிண்ணத்தில் பந்து உட்காரவில்லை.
முட்டியில் எலும்பை எலும்பு அரைக்கிறது.
முதுகில் மூன்று கணு ஒட்டிப்போயிருக்கிறது.
"பேரிங் போச்சு" என்றேன்.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
"அப்படித்தான்னு வெச்சுக்குங்க" என்றார்.
மாற்ற முடியுமா என்று நான் கேட்கவில்லை.
கம்பெனியே கைவிட்ட மாடலுக்கு
புதுப்பேட்டை முழுக்க ஸ்பேர் தேடி அலைந்தவன்.
எது கிடைக்காது என்று தெரியும்.

சுக்கு என்று பெயர் வைத்தவள் கோமளா,
நிறத்துக்காக.
பதின்மூன்று வருஷம் கழித்து
மூட்டுக்குச் சுக்கு அரைத்துப் பற்றுப் போடு என்று வருகிறவர்கள்
பெயரைக் கேட்டதும் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

அயனாவரத்தில் எங்கள் வீடு மூன்றாம் மாடி,
ஐம்பத்து நான்கு படி.
ஓஎம்ஆரில் இருபத்திரண்டு மாடிக்கு
கண்ணாடிப் பெட்டியில் ஆள் ஏற்றுகிறவன்
இங்கே காலை ஐந்தரைக்கு
நானே பெட்டி, நானே ரோப்.
வாசலைத் தாண்டியதும் இறக்கிவிட்டு
பழைய துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துப் பிடித்துக்கொள்வேன்.
முன்னங்கால் இரண்டும் நடக்கும்,
பின்னங்கால் இரண்டும் நடப்பதுபோல் கூடவே வரும்.

இருபத்தேழு கிலோ இருந்தது.
இருபத்திரண்டுக்கு வரவேண்டும், அதுதான் முதல் மருந்து என்றார் டாக்டர்.
பால்சோறு போயிற்று. கறிக்கடை ஜவ்வு போயிற்று.
டீக்கடை எத்திராஜ் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை.
அவர் பொறையை வீச, நான் செருப்பால் மறைக்க,
சுக்கு என் முகத்தையே பார்க்கும்,
வட்டிக்காரனைப் பார்ப்பதுபோல.

மாத்திரை சாப்பிட்ட பிறகுதான்.
வெறும் வயிற்றில் கொடுத்தால் ரத்தமாகப் போகும்.
இட்லிக்குள் வைத்தால் இட்லி உள்ளே போகும்,
மாத்திரை என் ஷூவுக்குள் கிடைக்கும்.
எதிர்வீட்டு சாகுல் பாய்
தன் முட்டிவலி மாத்திரையில் பாதியை உடைத்து நீட்டினார்.
மனுஷ மாத்திரை அதைக் கொன்றுவிடும் என்று
அவர் மனம் நோகாமல் சொல்லத் தெரியவில்லை.
வாங்கிக்கொண்டேன்.
அன்றிரவு அந்தப் பாதியை
என் இடுப்புக்கு நான் போட்டுக்கொண்டேன்.

மொசைக் தரை சறுக்குகிறது என்று
ஒரு பழைய லிஃப்டில் கழற்றிய ரப்பர் மேட்டை வெட்டி
சாக்குப் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை
கறுப்பாக ஒரு ரோடு போட்டேன்.
வீடு அசிங்கமாகிவிட்டது என்றாள் கோமளா.
பிறகு அவளே சமையலறைக்கு ஒரு கிளை ரோடு கேட்டாள்.

நல்ல நாள், கெட்ட நாள் எழுதி வையுங்கள்,
கெட்டது கூடினால் பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர்.
எழுதுவதற்கு என்னிடம் இருந்தது சர்வீஸ் அட்டைதான்.
புதன்: தானாக எழுந்தது.
வியாழன்: எழவில்லை. வால் ஆடியது.
வெள்ளி: பூனையைப் பார்த்துக் குரைத்தது, உட்கார்ந்தபடி.
அட்டையின் கடைசிக் கட்டத்தில்
'இயக்கம் நிறுத்தப்பட்டது' என்று அச்சடித்திருக்கும்.
அதன்மேல் யாரோ
ஆவின் பால் பாக்கெட்டின் ஓரத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.
நான் ஒட்டவில்லை.

போன கார்த்திகையில், கரண்ட் போன மழை ராத்திரி,
வெளியே போய்விட்டுத் திரும்பும்போது
இரண்டாம் மாடித் திருப்பத்தில் போன் அடித்தது.
ஒரு கையில் நாய், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.
கீழ்ப்பாக்கத்தில் ஓர் அம்மா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அழுகிறாள்.
இருபது வருஷமாகச் சொல்லும் அதே வரிகள்தான்:
பயப்படாதீங்க. காத்து வரும்.
கதவை இழுக்காதீங்க. அப்படியே உக்காருங்க.
விழாது, நான் சொல்றேன், விழாது.

என் நெஞ்சில் அதுவரை உதறிக்கொண்டிருந்த உடம்பு
கொஞ்சம் கொஞ்சமாக உதறலை நிறுத்தி
முழு எடையையும் என்மேல் இறக்கிவைத்தது.

இதோ கிளம்பிட்டேன் அம்மா என்றேன் போனில்.

மேலே இன்னும் பதினெட்டுப் படி.