ழ

பெயரைச் சொல்ல முடியாது. சட்டம்.
தோட்டத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன்,
பகாவைச் சுற்றிச் செம்பனைக்கா பஞ்சம்.
ஒன்பது வயது. பெயரில் ஒரு ழ இருக்கிறது.
அவ்வளவுதான் சொல்வேன்.

வியாழக்கிழமைகளில் எங்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்
சிறார் நீதிமன்றமாக மாறும்.
மாறுவது என்னவென்றால்
கதவைப் பூட்டுவார்கள்,
யாரும் ஏறாத கூண்டில் மேசை விசிறியை வைப்பார்கள்,
துவான் இட்ரிசுக்கு இரு பக்கமும் ஆலோசகர்கள்.
ஒருவர் ஓய்வுபெற்ற நர்ஸ் பிலோமினா,
கைப்பையில் எப்போதும் புளிப்பு மிட்டாய்.
நான் மொழிபெயர்ப்பாளர். பதினோரு ஆண்டு.
காலை ஒன்பது முதல் மாலை நாலரை வரை
என் வாய் எனக்குச் சொந்தமில்லை.

முதல் நாள் பின்வாசலில் வெல்பர் வேன்.
புவான் ரோஸ்னா இறக்கிவிட்டபோது
சட்டை அவளுடையது,
கால்சட்டை வேறு யாருடையதோ.
இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும்.
கொண்டுவந்தார்கள்,
இருபத்து மூன்றாவது மணியில், தலை வாராமல்.
கோப்பில் அன்று நாலே தாள்.

இரண்டாம் தவணை: ஆஸ்பத்திரி அறிக்கை வரவில்லை.
மூன்றாம் தவணை: வந்தது. அதில் பெயர் வேறு.
போலீஸ் ரிப்போர்ட்டில் ழவுக்கு எல்,
ஆஸ்பத்திரியில் ஆர்,
பிறப்புப் பத்திரத்தில், எந்தக் கிராணி எழுதினாரோ, இசட்.
ஒரு சிறுமியா மூன்று சிறுமிகளா என்று
ஐம்பது நிமிடம் போயிற்று.
எழுந்து நின்று மூன்று முறை உச்சரித்தேன்.
நாக்கு எங்கே மடிகிறது என்று கேட்டார் துவான்.
அவரும் முயன்றார்.
அவள் சிரித்துவிட்டாள்.
அந்த அறையில் அவள் சிரித்தது அன்று மட்டும்தான்.
வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

நான்காவதில் மானேஜர் கடிதம்:
லாரியில் குலை ஏற்றுபவர், நல்லவர்,
ஒரு நாள்கூட லீவு எடுக்காதவர்.
அவள் முழங்கையின் எக்ஸ்ரே
அதே கோப்பில் அடுத்த தாள்.
அம்மா எதிர்க்கடை நிழலில்
மருந்தடிக்கும் பூட்சோடு நின்றாள்.
வருகிற ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம்.

ஐந்தாவதில் அவளிடமே கேட்டார்கள்:
அடிக்கும்போது நீ என்ன செய்வாய்?
"ஒன்னும் செய்யமாட்டேன். பழகிருச்சு."
"சுடா பியாசா" என்றேன்.
துவான் எழுதினார். எல்லாரும் எழுதினார்கள்.
மத்தியானம் மீ கோரேங் இறங்கவில்லை.
பியாசா என்றால் வழக்கம்,
வெள்ளிக்கிழமை பாசார் மாலாம் போவது மாதிரி.
இரண்டரைக்கு அனுமதி கேட்டு எழுந்தேன்.
துவான், காலையில் நான் சொன்னது தப்பு.
அவள் சொன்ன சொல்லில் சம்மதம் இல்லை.
"பிறகு என்ன இருக்கிறது?"
தெரியவில்லை என்றேன்.
அவர் வரியை அடித்தார்.
எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி
பழகிருச்சு என்றே எழுதிக்கொண்டார், ரூமியில்.
பதினோரு ஆண்டில் அங்கே நான் பேசியது அது ஒன்றுதான்,
மற்றதெல்லாம் மற்றவர்கள் பேசியது.

எட்டாம் மாதம் உத்தரவு.
சித்தி வீட்டில் ஒரே அறை, ஆறு பேர்; தகுதியில்லை.
ஆகவே சிரம்பான் பக்கத்து இல்லம், மூன்று ஆண்டு.
ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாமா, அம்மா கேட்டாள்.
மொழிபெயர்த்தேன். மனுச் செய்யலாம் என்றார்கள்.
மொழிபெயர்த்தேன்.
மனுன்னா எவ்வளவு காசு,
இது கோர்ட்டுக்கு அல்ல, எனக்கு.
இலவசம் என்றேன். நம்பவில்லை.

பிலோமினா இரண்டு மிட்டாய் கொடுத்தார்.
ஒன்றைத் தின்றாள், ஒன்றை அம்மாவிடம் நீட்டினாள்.

ஒப்படைப்புப் பாரத்தை ஹபிபா அச்செடுத்தாள்.
ழவுக்கு இந்தமுறை ஒய்.
"சிஸ்டத்தில் அப்படித்தான் வருது, காக்."
திருத்த வேண்டுமென்றால் புதுத் தேதி,
புதுத் தேதி என்றால் இன்னொரு மாதம்,
நான் பேசாமல் இருந்தேன்.
நான்காவதாக ஒருத்தி பின்வாசலில் வேன் ஏறிப் போனாள்.

அடுத்தது மோட்டார்சைக்கிள் திருட்டு, பெரியவர்கள் வழக்கு.
கூண்டிலிருந்து விசிறியை இறக்கினார்கள்.