தெரிகிறது

ஐந்து நாளாக விமானம் இல்லை.
குஸ்கோக்விம் ஆற்றுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே
வானமும் தரையும்
தையல் தெரியாமல் ஒன்றாகியிருந்தன.
கடையில் பால்மாவு தீர்ந்தது,
பிறகு பேட்டரி,
பிறகு கடைக்காரனின் பொறுமை.
போனை எடுத்தால் எல்லோருக்கும் ஒரே கேள்வி,
மேகத்தை நான்தான் பூட்டிச்
சாவியைச் சட்டைப்பையில் வைத்திருப்பதைப் போல.

என் வேலை பெரிதல்ல.
விமானக் கம்பெனியின் ஊர் ஏஜெண்ட்.
பனிவண்டியில் ஓடுபாதைக்குப் போவேன்,
மூட்டைகளை இறக்குவேன், கையெழுத்து வாங்குவேன்.
வருகிறவன் ரேடியோவில் கேட்டால்
கண்ணுக்கு எட்டியதைச் சொல்வேன்.

ஆறாம் நாள் பதினொன்றரைக்கு
ஹால்வர்சன் கேட்டான்:
“மார்ஃபா, நீல டாங்க் தெரிகிறதா?”

ஓடுபாதையின் மறுமுனையில் நிற்கும் டீசல் டாங்க்.
அது தெரிந்தால் ஒரு மைல் தெளிவு.
ஒரு மைல் என்றால் இறங்கலாம்.

பார்த்தேன்.
அது எங்கே நிற்கிறதென்று எனக்குத் தெரியும்.
பதினெட்டு வருடமாகத் தெரியும்.
அதன் ஏணியில் மூன்றாம் படி உடைந்திருப்பது தெரியும்,
பள்ளிப் பையன்கள் அதன்மேல்
எந்தப் பெண்ணின் பெயரை எழுதி அழித்தார்கள் என்பதும் தெரியும்.
பார்த்துக்கொண்டே இருந்தால்
வெள்ளைக்குள்ளிருந்து ஒரு நீலம்
கசியத்தான் செய்யும்.

“தெரிகிறது” என்றேன்.

நிச்சயமாகவா என்று அவன் கேட்கவில்லை.
இரவுகளில் அவனுக்காக நான் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் சத்தம் வந்தது.
வரவேண்டிய இடத்துக்கு இடதுபக்கமாக வந்தது.
ஒதுக்கிக் குவித்த பனி வரப்பில்
ஒரு சக்கரம் இடிக்க,
செஸ்னா
வண்டியிலிருந்து சரியும் மூட்டையைப் போல
மெதுவாக, அவ்வளவு மெதுவாகத்
தலைகுப்புறக் கவிழ்ந்தது.
எங்கோ ஒரு நாய்
குரைப்பதை நிறுத்தியது.

வாசிலி ஊர்ந்து வெளியே வந்தார்,
பெத்தேலில் கட்டிய புதுப் பல்செட்டைக்
கைக்குள் இறுக்கிக்கொண்டு.
“இதால் இன்னும் ஒரு துண்டு மீன்கூடக் கடிக்கவில்லை” என்றார்.
முப்பது டஜன் முட்டையில் உடைந்தவை நான்கு.
ஹால்வர்சனின் இடுப்பெலும்பு மூன்று இடத்தில்.
பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கியவன்
என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.
உதட்டு ரத்தம்
கண்ணை நோக்கி ஓடியது.

ஆங்கரேஜிலிருந்து விசாரிக்க வந்த பெண்
உறைந்த பேனாவை அக்குளில் வைத்துச் சூடாக்கினாள்.
டாங்க்கைக் கண்டீர்களா?
கடையில் பால்மாவு தீர்ந்திருந்தது என்றேன்.
அது பதில் இல்லை. ஆனால் உண்மை.
என் பெயருக்கு ஒரு பார்சல் வரவேண்டியிருந்ததும் உண்மை.
அதை அவள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஹால்வர்சன்
எழுதிக் கொடுத்தானாம்:
ஓடுபாதை எனக்குத் தெரிந்தது.
என்னுடைய அதே சொல்.
என்னைக் காப்பாற்ற எழுதினானா,
என்னைப் போலவே அவனும்
பழகிய இடத்தைத்தான் பார்த்தானா?
இப்போது நெப்ராஸ்காவில்
டிராக்டர் விற்கிறான் என்கிறார்கள்.

பார்சலில் பூட்ஸ். சிவப்பு, உள்ளே கம்பளி.
என் அளவுதான்.
எரிபொருள் வாடை இன்னும் போகவில்லை.
கட்டிலுக்கடியில் கிடக்கின்றன.

இன்று மறுபடியும் வெள்ளை.
புதுப் பையன் ஒருவன் தலைக்கு மேலே சுற்றுகிறான்,
ஊர்ப் பெயரே அவன் வாயில் சரியாக வரவில்லை.
என் பின்னால் பனிவண்டிகளில் ஏழெட்டுப் பேர்.
கைக்குழந்தையோடு ஒருத்தி.
டாங்க்?
அது அங்கேதான் இருக்கிறது.
“தெரியவில்லை” என்கிறேன்.
“மூன்றாவது விளக்கு வரைக்கும்தான்.”

எஞ்சின் சத்தம்
கூரைகளுக்கு மேலே ஒரு வட்டம் போட்டு
ஆற்றுப்பக்கம் திரும்பிச்
சிறுத்துக்கொண்டே போகிறது.
யாரும் என்னிடம் பேசவில்லை.
அவள் மட்டும் குழந்தையை
மறு தோளுக்கு மாற்றுகிறாள்.