தோடு

என் வேலை அவள் காதுக்குள்.
மேடையின் இடது ஓரம், கறுப்புத் துணிக்குப் பின்னால்
முப்பத்திரண்டு விசைகள், ஒரு ஹெட்போன்,
மழைக்கு மூட ஒரு பிளாஸ்டிக் தாள்.
பெலேமில் மதியம் தவறாமல் மழை வரும்;
மழைக்கு முன்னாலா பின்னாலா என்றுதான்
இங்கே ஆளைச் சந்திக்க நேரம் குறிப்பார்கள்.

ஜசியாராவின் காலடியில் ஒரு மிதிகட்டை உண்டு.
அதை அழுத்திப் பேசினால்
குரல் ஊருக்குப் போகாது,
எனக்கு மட்டும் வரும்.

ஊருக்குக் கேட்பது:
"ஐயோ, ரெண்டாவது சரணம் மறந்தே போச்சு!
நீங்களே பாடிடுங்களேன்!"
எனக்குக் கேட்பது:
"வால்தெனீர், பின்கோபுர ஸ்பீக்கர் பிந்துது.
அவங்க பாடி முடிக்கிறதுக்குள்ள சரி பண்ணு."
ஆறு வருஷமாக
அந்தச் சரணத்தை அவள் மறந்துகொண்டிருக்கிறாள்.

டிவியில் கேட்டார்கள்,
வரவு செலவெல்லாம் யார் பார்க்கிறார் என்று.
ஏழாம் வாய்ப்பாடே வராதே எனக்கு என்று
உறிஞ்சுகுழலைக் கீழே போட்டுச் சிரித்தாள்.
அதே வாரம் கம்பெனிக்காரர் வேனில் ஏறி
பதினெட்டுப் பக்கத்தை நீட்டினார்,
கையெழுத்து மட்டும் போதும் கண்ணு.
மீனில் முள் எடுத்தபடியே கேட்டாள்:
"பதினொண்ணாம் பக்கத்துல
இனிமே கண்டுபிடிக்கப்போற கருவிங்களும் சேர்த்தியா?"
கிளி என்று கை நீட்டியவர்
விரல்களை எண்ணிக்கொண்டே இறங்கிப் போனார்.

அக்டோபரில், துறைமுக மைதானத்தில்,
மூன்றாவது பாட்டின் நடுவே
மிதிகட்டை அழுந்தியது.
"வலது பக்கத் தடுப்பு. பச்சைச் சட்டைப் பையன்.
எல்லாரும் கையைத் தூக்கறாங்க,
அவன் தூக்கல. அவனால முடியல.
பாட்டை நிறுத்தாதே, நிறுத்தினா ஓடுவாங்க.
ட்ரம்ஸை மெதுவா இறக்கச் சொல்லு."
நான் எட்டிப் பார்த்தேன்.
எனக்குத் தெரிந்தது ஒரே தலைக்காடு.

அப்புறம் ஊருக்கு:
"அடக் கடவுளே, என் தோடு!
தங்கத்தோடு விழுந்துடுச்சு! யாரும் மிதிச்சிடாதீங்க!
மூணு அடி பின்னால போய்த் தேடுங்க
கடைசி வரிசை முதல்ல, ம்ம், கடைசி வரிசை முதல்ல,
அப்புறம் அடுத்தது..."

பிறந்த வாரமே பெண்பிள்ளைக்குக் காது குத்தும் ஊர் இது.
ஆறு வருஷம் அந்தக் காதில் கருவி பொருத்துகிறவன் நான்.
அதில் துளையே கிடையாது.

பதினைந்தாயிரம் பேர்
கைபேசி வெளிச்சத்தைத் தரையில் அடித்து
சிரித்துக்கொண்டே பின்வாங்கினார்கள்.
பச்சைச் சட்டையைத் தடுப்புக்கு மேலே தூக்கி எடுத்தார்கள்.
வாந்தி எடுத்தான். தண்ணீர் கேட்டான்.
பிறகு, பாவி, இன்னொரு பாட்டு கேட்டான்.

மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்து:
தோட்டுக்காகக் கச்சேரியை நிறுத்திய பொம்மை.
தபாலில் தோடுகள் வந்தன,
ஒற்றையாக, ஜோடியாக, ஒன்று மீன்செதிலில் செய்தது.
பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.
உள்ளதைச் சொல்லிவிடேன் என்றேன்.
செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
"சொன்னா, அடுத்த தடவை 'பின்னால போங்க'ன்னதும்
பயந்துடுவாங்க. பைத்தியம் சொன்னா
சிரிச்சிக்கிட்டே போவாங்க."
கொஞ்ச நேரம் கழித்து,
"வலிக்கலைன்னு யார் சொன்னா" என்றாள்.
செருப்பையா, வேறு எதையா, நான் கேட்கவில்லை.

வீடு திரும்பும்போது டாக்சிக்காரர் கேட்டார்,
"அவகூடத்தான் வேலையா? நெசமாச் சொல்லுங்க,
அந்தப் பொண்ணு தலைக்குள்ள என்னதான் இருக்கு?"
மாமரத்திலிருந்து ஒரு காய்
வண்டிக்கூரையில் தொம்மென்று விழுந்தது.
"காத்துதான்" என்றேன்.
ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார் மனுஷன்.
இருட்டில், என் வலது பாதம்
எதையோ அழுத்திக்கொண்டிருந்தது.