காது தெரிய வேண்டும்

நிரூபா என்று பெயர் எடுத்தேன்.
பதிவாளர் கந்தோரில் மூன்று முறையும்
நிரூபி என்றே எழுதினார்கள்.
மூன்றாம் முறை சிரித்துவிட்டேன்.

சுகாதாரத் திணைக்களத்துச் சான்றிதழ் இருக்கிறது.
திருத்திய பிறப்பு அத்தாட்சி இருக்கிறது.
இரண்டு வருடம் ஒரு மருத்துவர் முன்னிருந்து
சொன்னதையே சொன்ன தேதிகளும் இருக்கின்றன.
அடையாள அட்டைக்குப் போனது
திருக்கடலூரில் ஒரு போட் எஞ்சினைப் பிரித்துப் போட்டபடி,
ஜீன்சும் சட்டையுமாய்.

பிரதேச செயலகத்தில் இருந்தவர்
கடிதங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி கடிதங்களை.
"எல்லாம் சரி. போட்டோவுக்கு மட்டும்
சாறி உடுத்திட்டுப் போங்கோ. பிறகு கதை வரக்கூடாது."
எனக்கு முன்னால் நின்ற பெட்டையும் ஜீன்ஸ்தான்.
அவளுடைய படிவம் எப்போதோ உள்ளே போய்விட்டது.

வாசலில் மான்கள்.
கொம்பு உதிர்ந்த கலை ஒன்று
பிணைகளோடு நின்று
யாரோ எறிந்த சாப்பாட்டுப் பார்சலின் தாளைத் தின்றது.
மறுபடி முளைக்கும்வரை
அதனிடம் யாரும் கடிதம் கேட்கப்போவதில்லை.

டொக்யார்ட் வீதி ஸ்டூடியோவில்
ஆணியில் ஒரு கறுப்புக் கோட்,
பக்கத்து ஆணியில் ஒரு நீலச் சாறி.
சட்டைக்கு மேலேயே சுற்றலாம், முந்நூறு ரூபாய்.
எத்தனை பேரின் பவுடர் அதில்.
சுற்றினேன். ஒயில் பிடித்த நகங்களை
மடிப்புக்குள் ஒளித்தேன்.

கண்ணாடி முன் எனக்கு முதலே ஒருத்தி,
கிண்ணியாவிலிருந்து. றிஸ்மியா.
காது தெரிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.
முக்காட்டை விரலால் ஒதுக்கினாள், விட்டாள்,
ஒதுக்கினாள்.
"இங்க பாருங்க, இவ்வளவு போதுமா?"
பாதிக் காதைப் பார்த்தேன்.
ஒரு பெண்ணிடம் கேட்பதுபோல் கேட்கிறாள் என்பது
பிறகுதான் உறைத்தது.
போதும் என்றேன்.
என் குரலுக்கு அவள் திடுக்கிடவில்லை.

என் முந்தானை வழுக்கிக்கொண்டே இருந்தது.
தன் முக்காட்டு ஊசியைக் கழற்றி
என் தோளில் குத்தினாள்.
"அசையாம நில்லுங்க, தோலில ஏறிடும்."
அவிழ்ந்த துணியைத் தாடைக்குக் கீழே
ஒரு கையால் பிடித்திருந்தாள்.
திரைக்குப் பின்னாலிருந்து
அடுத்த ஆள், அடுத்த ஆள் என்றார் போட்டோக்காரர்.
யார் அடுத்த ஆள் என்று
எங்களுக்கும் தெரியவில்லை.

அட்டை ஏழு கிழமைக்குப் பிறகு வந்தது.
பெயரில் பிழையில்லை.
படம் கழுத்தோடு முடிகிறது. சாறி இல்லை.
தோள் தொடங்குமிடத்தில் வெள்ளையாய் ஒரு புள்ளி,
அச்சுப் பிழையாகவும் இருக்கலாம்.

ஊசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.
சாவிப் பெட்டியில் கிடக்கிறது.
நேற்று அதால்தான்
அடைத்திருந்த கார்பரேட்டர் ஜெட் ஒன்றைக்
குத்தி எடுத்தேன்.
முனை கொஞ்சம் வளைந்துவிட்டது.