வரவு: கல் ஒன்று

தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்தில்
மூன்றாவது மாடியில்
கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது என் தராசு.
மூச்சை விட்டால் மில்லிகிராம் ஆடும்.
பதினோரு வருடமாய் அளந்து மூச்சு விடுகிறேன்.

முதலில் பில்கிஸ் வருவாள் மெழுகு மரத்தோடு.
நடுவில் ஒரு தண்டு, சுற்றிலும் நாற்பது மோதிரம்
பச்சையாய்க் காய்த்துத் தொங்கும்.
அதன் எடையைப் பதினைந்தால் பெருக்கி
அவ்வளவு தங்கம் எடுத்துவைப்பேன்.
மரத்தைச் சிலிண்டருக்குள் நிறுத்தி
மாவு கரைத்து ஊற்றி
இரவெல்லாம் உலையில் வைப்பார் தணிகாசலம்.
மெழுகு உருகி ஓடிவிடும்,
அது இருந்த இடம் இருக்கும்.
விடிந்ததும் அந்த இடத்தில் தங்கம்.

அப்புறம் வெட்டு, அரம், பஃப்.
ஒவ்வொரு மேசைக்கும் நிறுத்துக் கொடுத்து
நிறுத்து வாங்குகிறேன்.
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும்.
கடைக்காரர்கள் அதைச் சேதாரம் என்று
ஒரே சொல்லில் பில் போட்டுவிடுகிறார்கள்.
என் நோட்டில் அதற்குப் பெயர்கள் உண்டு:
ஜெகன் 0.085
டில்லிபாபு 0.210.

செவ்வாய்க்கிழமை நிமாய் கர்மகாருக்கு
இருநூற்றுப் பதினாறு கல் எண்ணிக் கொடுத்தேன்.
இரண்டு சென்ட் கல், கடுகளவு.
அரக்கில் இருத்திய வளையல்மேல் குனிந்து
தேன்மெழுகுக் குச்சியால் தொட்டெடுத்து
குழியில் உட்காரவைத்து
நாலு காலையும் அழுத்தி மடக்குவான்.
அவன் தும்மி நான் பார்த்ததில்லை.
சாயங்காலம் இருநூற்றுப் பதினைந்து.
வளையலில் ஒரு குழி
பல் விழுந்த வாய் மாதிரி.

ஃபேனை நிறுத்தினோம்.
எல்லோரும் முட்டிபோட்டுத் தேடினோம்,
செருப்படி, சட்டைக் காலர், டிபன் பாக்ஸின் மூடி.
கேவல்சந்த் சேட் யாரையும் திட்டவில்லை.
செல்போன் வெளிச்சத்தை மட்டும்
நிமாயின் விரல்மேல் ரொம்ப நேரம் வைத்திருந்தார்.
பிடித்தம் ஆயிரத்து நானூறு
என்று எழுதியது என் கைதான்.

கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு ரயில் போக முக்கால் மணி நேரம்.
வீட்டில் சாப்பிட்டு முடித்துப்
பின்னலைப் பிரித்து உதறினேன்.
எவர்சில்வர் தட்டில் ‘டிங்’.
உப்புக்கல் என்றுதான் நினைத்தேன்.
ஊதிப் பார்த்தேன்,
ஆவி படிந்த வேகத்தில் மறைந்தது.
அது உப்பில்லை.

“கால்வாயில போட்டுட்டுப் படு” என்றார் லாரன்ஸ்.
“குடுத்தா, முந்தி எத்தினி எடுத்தேனு கேப்பான்.”
சரியாகத்தான் சொன்னார்.
கல்லைத் தீப்பெட்டியில் வைத்தேன்.
தூங்கும்போது குலுங்காமலே
குலுங்கிக்கொண்டிருந்தது.

காலையில் போனால்
குழியில் வேறு கல் உட்கார்ந்துவிட்டது.
வளையல் குளித்து, மெருகேறி,
முத்திரைக்குப் போக உறையில் தயாராய் இருந்தது.
இந்தக் கல்லுக்கு இனி இடமில்லை,
வளையலிலும், கணக்கிலும்.
நிமாயிடம் காட்டினேன்.
குச்சி நுனியில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பி
“நம்ம கல்தான்” என்றான் தமிழில்.
அடுத்து வங்காளத்தில் ஏதோ சொன்னான்.
அதைத் திட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நோட்டில் எழுதினேன்:
வரவு, கல் ஒன்று.
கிடைத்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
பேனாவை அங்கேயே வைத்திருந்தேன்,
மை ஊறி ஒரு புள்ளியானது.
புள்ளிக்குப் பக்கத்தில்: தலைமுடி.

சேட் இரண்டு தடவை படித்தார்.
நிமாயின் பணம் அடுத்த மாதம் சேருமாம்.
மறுநாள் வாசற்கதவருகே
நூலில் கட்டித் தொங்கியது ஒரு சீப்பு,
கீழே வெள்ளைத் தாள்.
இப்போது ஆறு மணிக்கு வரிசையில் நின்று
குனிந்து வாருகிறோம்.
பில்கிஸ் என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது.
உதிர்ந்த முடியைத் தூசியோடு எரித்துத்
தங்கம் பிரிக்கிறார் தணிகாசலம்.

முதல் மாதம் 0.140.
எட்டுத் தலை.
பெயர் போடாமல் எழுதியிருக்கிறேன்.